யூதனை அடித்தவர்கள்

தவக்காலத்தில் எங்கள் ஊர்க் கோயில் முற்றத்தில் ஆண்டவரின் பாடுகளை நாடகமாக நடிப்பார்கள். நாங்கள் அதைப் பாஸ் என்போம். அந்த ஆண்டும் யூதர் கூட்டத்துக்குத் தலைவர் எங்கள் மாமாதான். கறுப்பு அங்கி, ஒட்டுத்தாடி, தொண்டை கிழியும் கத்தல். அவர் மேடையேறினால் சிறுவர்கள் மணலை அள்ளி எறிவார்கள். அதையும் நாடகத்தின் ஒரு பகுதியாகவே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், மாமா உட்பட.

அந்த முறை அமெரிக்காவிலிருந்து சித்தி வந்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டின்போது, தங்கள் மாநிலத்தில் வந்திருக்கும் புதுச் சட்டத்தைப் பற்றிச் சொன்னார். யூதர் மீதான வெறுப்பு எதுவெதுவென்று அதில் வரையறுத்து எழுதியிருக்கிறார்களாம். ஒருவரை அவருடைய இனத்துக்காகவோ மதத்துக்காகவோ அடித்தால், பொலிசில் தயங்காமல் முறையிடச் சொல்கிறார்களாம்.

மாமா மீன்முள்ளை ஒதுக்கியபடி, "அப்ப எனக்கு எறியிற மண்ணுக்கும் கேஸ் போடலாமோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஒன்பது வயதில் கையில் ஒரு சட்டம் கிடைப்பது சின்ன விஷயமா?

அன்று மாலை மணலோடு ஒரு பனங்கொட்டையும் பறந்து வந்தது. மாமாவின் புருவம் பிளந்து, இரத்தம் ஒட்டுத்தாடியில் இறங்கியது. கூட்டம் கைதட்டியது. நான் வாசலில் நின்ற பொலிஸ்காரரிடம் ஓடினேன். யார், எங்கே, எதற்காக, சாட்சி யார் என்று வரிசைப்படுத்திக்கொண்டே ஓடியதில் செருப்பு கழன்றதுகூடத் தெரியவில்லை.

அவர் தெற்கிலிருந்து வந்த சிங்களவர். தமிழைத் தேடித்தேடிப் பேசினார்.

"மாமாவுக்கு ஏன் அடிச்சது?"

"யூதன் எண்டபடியா."

"மாமா யூதனா?"

"ஓம் சேர், மூண்டு வருசமா."

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் என்னோடு மேடைக்குப் பின்னால் வந்தார். மாமா கதிரையில் இருந்தார். சித்தி அவருடைய புருவத்தைத் துணியால் அழுத்திக்கொண்டிருந்தார். சீருடையைக் கண்டதும் மாமா எழும்பினார். அங்கிக்குள் கையை விட்டு அடையாள அட்டையை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"ஒருத்தரும் அடிக்கேல்லை சேர். நான்தான் விழுந்தனான்."

தாடிவைத்த யூதன் அடையாள அட்டையோடு நிற்பதைப் பார்த்து நடிகர்கள் சிரித்தார்கள். பொலிஸ்காரரும் சிரித்துவிட்டார். எனக்கோ ஆத்திரம். ஊரே சாட்சியாக இருந்த என் முதல் முறைப்பாட்டை மாமா ஒரு பொய்யால் கெடுத்துவிட்டார்.

சித்தி மட்டும் சிரிக்கவில்லை. நீட்டியிருந்த மாமாவின் கைகளைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினார். நாட்டில் நடந்த சண்டையும் அதன் சோதனைச் சாவடிகளும் எனக்கு நினைவு தெரியுமுன்பே முடிந்திருந்தன. அந்த அட்டையை யாருமே கேட்கவில்லை என்பதையோ, விழுந்தேன் என்ற பதில் அவரிடம் அவ்வளவு தயாராக எப்படி இருந்தது என்பதையோ யோசிக்க எனக்கு அன்று தெரியவில்லை.