காரோட்டுச் சாம்பல் துணி: நான் கேட்க மறந்த கேள்வி

போன வியாழக்கிழமை கேரள எல்லையில் இருக்கும் காரோட்டுக்குப் போனது ஊர் பார்க்க அல்ல, பயத்தில். தங்கச்சி குழந்தை பிறந்து மறுநாள் இருபத்தெட்டாம் நாள். அரையில் கறுப்புக் கயிறு கட்டும் நாள். அன்று கிடத்துவதற்கென்று, ரசாயனம் சேராத சாயமா என்று கேட்டு வாங்கிய சாம்பல் நிறத் துணி என் பையில் இருந்தது. கடைத்துணி பட்டு ஏற்கெனவே ஒருமுறை உடம்பெல்லாம் தடித்துப்போன குழந்தை அது. முந்தின நாள், அந்த நிறம் எப்படி வருகிறது என்று காரோட்டில் அதற்குச் சாயம் போட்ட ஷைலஜா அக்காவிடம் போனில் கேட்டேன். இரைச்சலுக்கு நடுவே "துருசு" என்று காதில் விழுந்தது. தென்னைக்கு மருந்தாக அடிக்கும் அந்த நீல விஷமா? அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மார்த்தாண்டத்தில் காலை 7.10-க்கு பஸ். களியக்காவிளைக்கு ஒன்பது கிலோமீட்டர், அரைமணி நேரம். அங்கிருந்து ஆட்டோவில் ஆறு கிலோமீட்டர், நூற்றைம்பது ரூபாய். வேகமாகப் போகச் சொன்னதும் ஆஸ்பத்திரிக்கா என்று கேட்டார் ஓட்டுநர். சாயம் போடுகிற வீட்டுக்கு என்றேன். கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியை முடுக்கினார்.

அக்கா கொல்லைப்புறம் கூட்டிப்போனார். துணியைக் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு ஒரு மண்பானைத் தண்ணீரில் முக்குவாராம். பானைக்குள் பழைய ஆணிகளும் வெல்லமும் ஊறிக்கிடந்தன.

"துருசு இல்ல மக்கா, துரும்பு. துரும்பு வெள்ளம் ஆக்கும்" என்றார்.

மலையாளத்தில் துரும்பு என்றால் துரு, வெள்ளம் என்றால் தண்ணீர். என் காதைத்தான் திட்டவேண்டும். உயிர் வந்தது. உட்கார்ந்து பால் சேர்க்காத கட்டன்சாயா குடித்தேன்.

எழும்போதுதான் கிணற்றடியில் அந்த வாளியைப் பார்த்தேன். விளிம்பெல்லாம் நீலக்கறை. அக்காவின் வீட்டுக்காரர் தென்னைக்குத் துருசு கலக்குவது அதில்தானாம். அப்படியானால் சாயத்துணியை எதில் அலசுவீர்கள் என்று கேட்டேன். அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அதுலதான். நல்லா கழுவிட்டுத்தான் அலசினேன்." வாளியின் விளிம்பை விரலால் தேய்த்துப் பார்த்தார். "ஆனா பிள்ளைக்கு இந்தத் துணி வேண்டாம். இங்க தா."

சாயம் ஏறாத வெள்ளைத்துணி ஒன்றை என் கையில் வைத்தார். பிறகு தானாகவே கொடியில் காய்ந்த பதினொரு துணிகளையும் இறக்கி மூலையில் போட்டார்.

குழந்தை வெள்ளையில் படுத்தது. தடிப்பு வரவில்லை. ஆனாலும் மூன்று நாள் அதன் முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள். வெயில் ஏறினால் சாயவேலை முடிந்துவிடும். ஆட்டோவில் ஏறுமுன் கூலி பேசிக்கொள்ளுங்கள். சாயத்தில் என்ன சேர்க்கிறார்கள் என்று எல்லாரும் கேட்கிறோம். எதில் அலசுகிறார்கள் என்றும் கேளுங்கள். அக்கா கோபப்படமாட்டார். நேற்று அவரே கூப்பிட்டார். சாயத்துக்கென்று சிவப்பு வாளி வாங்கியிருக்கிறாராம்.

"இனி வாறப்போ மொதல்ல வாளியைப் பாரு மக்கா. பெறவு துணியை எடு."