சத்தம் வராத பெட்டியும் எல்கடுவைத் திருநாளும்

கம்ப்யூட்டர் திருத்தும் தொழிலில், சத்தம் வராத பெட்டிதான் அதிகச் சத்தத்தோடு கடைக்கு வரும். படம் வராவிட்டால் ஒரு வாரம் பொறுத்துக்கொள்வார்கள். பாட்டு வராவிட்டால் குடும்பத்தோடு பஸ் ஏறிவிடுவார்கள். என்னைப் போலக் கடை போட்டு மாட்டிக்கொண்டவர்களே, நீங்கள் இப்போதே தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது. நான் மாத்தளை டவுனில் கடை வைத்திருந்தது, யுத்தத்தால் மூலைக்கு மூலை செக்பொயின்ட் இருந்த காலம். அந்தக் காலத்தில் என் கல்யாணமே ஒரு சவுண்ட் டிரைவரில் தொங்கிக்கொண்டிருந்த கதை இது.

தலையில் வந்த மூட்டை

இரத்தோட்டை பஸ்ஸிலிருந்து ஒரு பெரியவர் இறங்கினார். தலையில் படுக்கை விரிப்பில் கட்டிய பெரிய மூட்டை. பெயர் ஆரோக்கியம். கல்யாண வீடு, கோயில் திருநாள் எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவர். கசெட்டை விட்டுவிட்டு இனிமேல் கம்ப்யூட்டரில் பாட்டுப் போடலாம் என்று பழைய பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறார். ஊரில் யாரோ கை வைத்து விண்டோஸை அழித்து மறுபடி போட்டதிலிருந்து சத்தம் போய்விட்டதாம்.

மூட்டையை அவிழ்த்தால் உள்ளே மொனிட்டர் மட்டும் இருந்தது. அத்தனை பாரத்தையும் தலையில் சுமந்து வந்தவரிடம் எப்படிச் சொல்வது? மெதுவாக, "ஐயா, இது படம் காட்டுறது மட்டுந்தாங்க, கோளாறு மத்தப் பெட்டியில" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சத்தம் இல்லேன்னு இதுலதானே எழுத்து வருது? சீக்கு எங்க தெரியுதோ அங்கதானே தம்பி டாக்டரு கைய வைப்பாரு?"

சவுதி லைனில் சவுண்ட் டிரைவர்

மறுநாள் சரியான பெட்டி வந்தது. அதைத் தூக்கி வந்தவர் அவருடைய மகள் ரீட்டா. பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, "அப்பா மூட்டை கட்டுறப்பவே சொன்னேன். கேக்கல்ல" என்று சிரித்தார். அதோடு நான் தொலைந்தேன். அந்தப் பெட்டிக்குச் சத்தம் வரவைத்தே தீருவது என்று முடிவெடுத்ததில் தொழில் பக்தி கொஞ்சம்தான்.

பெட்டிக்குள் இருக்கும் போர்டைப் பேசவைக்க, அதற்கென்றே வந்த டிரைவர் என்கிற புரோகிராம் வேண்டும். அது இருக்கும் சீடியை ரீட்டா கொண்டுவரவில்லை. வீட்டில் எங்கே இருக்கிறதென்றும் தெரியாது என்றார். இன்டர்நெட்டில் இறக்கலாம் என்று, பக்கத்தில் கொமியுனிகேஷன் வைத்திருந்த பாரூக் நானாவின் டெலிபோன் லைனை இரவல் வாங்கினேன். ஃபைல் நத்தை மாதிரி இறங்கும். முடியப்போகிற நேரம் பார்த்து யாராவது வெளிநாட்டுக் கோல் எடுக்க வருவார்கள். லைனைப் பிடுங்கினால் மறுபடி முதலிலிருந்து. அன்று பகல் முழுக்க இதே கூத்து. கடைசியில் நானா வயரைத் தன் கையாலேயே கழற்றினார்.

"ஒங்கட பாட்டு பொறகு வரட்டும் தம்பி, சவுதியில ஈக்கிற புருஷன்மாரு பொஞ்சாதி சத்தம் கேக்காமத் தவிக்கிறாங்க."

மடியில் பெட்டி

வேறு வழியில்லை, இரத்தோட்டைக்கே போய்ச் சீடியைத் தேடுவோம் என்று பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ரீட்டாவை இன்னொரு தடவை பார்க்கலாம் என்பதும் உண்மைதான். ஆனால் வழியில் செக்பொயின்ட் இருப்பதை ஆசை மறைத்துவிட்டது. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், மடியில் வயர் தொங்கும் இரும்புப் பெட்டி. ஆர்மிக்காரர் என்னை மட்டும் இறக்கினார். பஸ்ஸே என்னைப் பார்த்தது.

மூடியைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். உள்ளே என்ன என்றார். தெரிந்த சிங்களத்தில், பாட்டுப் போடுகிற பெட்டி, ஆனால் பாட்டு வராது, அதைத் திருத்தத்தான் போகிறேன் என்று உளறினேன். அவர் குனிந்து வெகுநேரம் உள்ளே பார்த்தார். பிறகு துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சிங்களத்தில், தம்பி என்பதற்கு மல்லி போட்டுக் கேட்டார்.

"எங்க வீட்டுப் பெட்டியிலயும் இதே கரைச்சல்தான் மல்லி, லீவுல போறப்ப ஒங்க கடைக்குக் கொண்டுவரட்டா?"

கொச்சிக்காய்ப் பாத்தியில் டிரைவர்

"போர்டோட ஒரு சீடி வந்திருக்குமே, ஐயா?" என்று கேட்டதும் ஆரோக்கியம் என்னைப் பின்வளவுக்குக் கூட்டிப் போனார். கொச்சிக்காய்ப் பாத்தியின் மேலே கயிறு கயிறாகச் சீடிகள் மினுங்கிக்கொண்டிருந்தன. மிளகாய் பழுத்தால் கிளி விடாது. மினுக்கம் கண்டால் கிட்ட வராது. அந்த வட்டாரத்தில் பாடாத சீடிக்கெல்லாம் அதுதான் வேலை. "பிளேயர்ல போட்டுப் பாத்தேன். ஒரு பாட்டுகூட இல்ல. அதான் கட்டிட்டேன்" என்றார்.

ரீட்டாவும் நானும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தோம். வெயிலில் எழுத்தெல்லாம் வெளுத்து, காக்காய் எச்சம் வேறு. ரீட்டாதான் கண்டுபிடித்தார். சவர்க்காரம் போட்டுக் கழுவி, முந்தானையில் துடைத்துத் தந்தார். பெட்டி அதைப் படித்தது. இரத்தோட்டை மலையடிவாரத்தில் அன்று கேட்ட முதல் பாட்டுக்கு நான் ஆடாத குறை.

அந்தச் சந்தோஷத்தில், யோசிக்காமல், ஆரோக்கியத்திடம் அவர் மகளைப் பெண் கேட்டேவிட்டேன். ரீட்டா உள்ளே ஓடவில்லை. அப்பா முகத்தையே பார்த்தபடி நின்றார். ரீட்டாவுக்கும் சம்மதம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆரோக்கியம் பாத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மொதல்ல எல்கடுவ திருநாள்ல பாட்டு ஒழுங்கா வரட்டும், பொறகு பேசுவோம். அதுவரைக்கும் கிளிய வெரட்டுறது ஒங்க பொறுப்பு."

டிங்

எல்கடுவையில் தோட்டத்துக் கிறிஸ்தவக் கோயில் சின்னது. திருநாளுக்கு முற்றத்தில் பந்தல் போட்டுப் பூசை. மரத்துக்கு மரம் குழாய் ஒலிபெருக்கி. பெட்டி என் முன்னால், ரீட்டா பக்கத்தில், ஆரோக்கியம் முதுகுக்குப் பின்னால். ஃபாதர் பிரசங்கம் வைத்துக்கொண்டிருந்தார். அடுத்து வரவேண்டிய காணிக்கைப் பாட்டைத் தயாராக்கலாம் என்று தட்டினேன்.

டிங்.

காலை வெயில் நேரே திரையில் விழுந்தது. ஏதோ அறிவிப்பு வந்து குந்தியிருக்கிறது. அதற்குப் பதில் சொல்லாமல் எங்கே தட்டினாலும் கத்தும். அது என் கண்ணுக்குத் தெரியவில்லை. மறுபடி தட்டினேன். டிங். நிமிர்ந்து பார்த்தால் சனம் முழுக்க முழங்காலில். நானும் வேதக்காரன்தான், விளங்கிவிட்டது. பூசையில் ஃபாதர் அப்பத்தை உயர்த்தும்போது அடிக்கிற நற்கருணை எழுந்தேற்ற மணி என்று நினைத்துவிட்டார்கள். பதறிப்போய் இன்னொரு தட்டு. டிங். எல்லோரும் தலை குனிந்து நெஞ்சில் தட்டிக்கொண்டார்கள். பிரசங்கத்தின் பாதியில் வாய் திறந்தபடி நின்ற ஒரே ஆள் ஃபாதர்தான்.

போச்சு, கல்யாணம் போச்சு என்று நினைத்தேன். ரீட்டா முக்காட்டுத் துணியை எடுத்துத் திரைக்கு நிழல் பிடித்து, சிரிப்பை அடக்க முடியாமல், அந்த அறிவிப்பை விரலால் காட்டினார். அதை மூடினேன். பாட்டு வந்தது. மலை முழுக்கக் கேட்டது.

பூசை முடிந்ததும் ஃபாதர் நேரே எங்களிடம் வந்தார். ஆரோக்கியம் தோள் துண்டைக் கையில் எடுத்துவிட்டார். "ஆரோக்கியம், வெளியில மரத்தடியில நிக்கிற ஆம்பளைங்க என் மணிக்கு ஒரு நாளும் முழங்கால் போட்டதில்ல. அடுத்த வருஷமும் இந்தத் தம்பியத்தான் கூட்டிட்டு வரணும்" என்றார். ஆரோக்கியம் என் தோளில் கையைப் போட்டார்.

"அடுத்த வருஷம் மருமகனாவே கூட்டிட்டு வர்றேன் ஃபாதர்."

என் தொழில் திறமையில் மாமனார் வைத்த நம்பிக்கை அவ்வளவு பெரியது என்பதால், எங்கள் கல்யாணப் பூசைக்கு அவர் கசெட்டில்தான் பாட்டுப் போட்டார்.