பொட்டலத்தோடு போன பாடங்கள்

"22 மார்ச் 2020, ஞாயிறு. பள்ளி இன்று திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை."

எங்கள் வீட்டுச் சமையலறையில் தொங்கிய மளிகைக்கடை நாட்காட்டியில், அந்த நாளுக்குரிய கட்டத்தில் நான் எழுதிவைத்த குறிப்பு இது. தவணை விடுமுறைக்காகப் பூட்டிய பள்ளி, விடுமுறை முடிவதற்குள் கொரோனாவுக்காக வந்த நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் பூட்டியபடியே கிடந்தது. எங்கள் மாநிலத்தில் பள்ளி வாரம் ஞாயிறன்றே தொடங்கும். ஆணை நடைமுறைக்கு வந்தது மார்ச் 18, புதன்கிழமை. இந்த இரண்டு தேதிகளிலும் எனக்குச் சந்தேகமில்லை. பின்னால் வருவதில் சிலவற்றை நினைவிலிருந்துதான் எழுதுகிறேன். கட்டங்கள் சிறியவை, எல்லாவற்றையும் எழுத இடமிருக்கவில்லை.

சிம்பாங் ரெங்கத்துக்கு அருகே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் நான் கிராணி, அதாவது எழுத்தர். என் மகன் அப்போது ஊரிலுள்ள இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவம், பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுத வேண்டிய ஆண்டு. அவனோடு தமிழ் படித்த பிள்ளைகளின் பெற்றோர் ஒரு சிறிய குழு வைத்திருந்தோம். அதற்கு நான் செயலாளர். தீபாவளி விருந்துக்கு நாற்காலி வாடகைக்கு எடுப்பவர் என்பதற்கு மேல் அந்தப் பதவிக்கு அதுவரை பொருள் இருந்ததில்லை.

பள்ளி பூட்டியிருந்தாலும் தமிழாசிரியை வகுப்பைப் பூட்டவில்லை. ஏப்ரல் தொடக்கத்திலேயே வாட்ஸ்அப்பில் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார். குரல் பதிவில் ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிடுவார். பிள்ளைகளும் குரலிலேயே பதில் அனுப்ப வேண்டும். பின்னணியில் சேவல் கூவும், குக்கர் விசிலடிக்கும், யாரோ ஒருவரின் அப்பா தும்முவார், உடனே எல்லாரும் பயந்துபோய் விசாரிப்பார்கள். பதிலே வராத பெயர் ஒன்று இருந்தது.

அந்தப் பெண்ணின் அப்பா சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்து போனவர், எல்லை மூடியபின் அங்கேயே தங்கிவிட்டார். வீட்டில் இருந்த ஒரே திறன்பேசி அவருடையது. அதுவும் அவரோடு அங்கேயே இருந்துவிட்டது. அம்மாவிடம் இருந்தது பழைய பொத்தான் கைப்பேசி. அம்மாவுக்கு எஸ்டேட்டில் மரத்தடியில் உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கும் வேலை. தோட்டங்களும் ஆலைகளும் மூடப்படவில்லை. அதனால் விடியும் முன்பே அவர் பெரட்டுக்குப் போய்விடுவார், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு. தமிழ்ப்பள்ளியில் படிக்கும் தம்பியும் தங்கையும் வீட்டில். அவர்களைப் பார்த்துக்கொள்ள இருந்த ஒரே ஆள் இந்தப் பெண். எஸ்.பி.எம். எழுதாமல் விட்டால் அவளுக்கு முன்னால் இருந்த வழி, பிரதான சாலையிலுள்ள நாற்காலித் தொழிற்சாலைக்குப் போவது. அவள் வயதில் அங்கே போனவர்கள் யாரும் திரும்பப் படிக்க வந்ததாக நான் பார்த்ததில்லை.

"ஒரு புள்ள வரலன்னா வகுப்பு நடக்கலன்னுதான் நான் எழுதுவேன்," என்றார் ஆசிரியை. "பேப்பர்லயாவது குடுத்து அனுப்பணும், சார்."

அச்சடிக்க ஆலையில் இயந்திரம் இருந்தது; மேலாளர் சரியென்றார். கொண்டுபோய்க் கொடுப்பதுதான் சிக்கல். வீட்டுக்கு ஒருவர் மட்டுமே, அதுவும் சாப்பாட்டுச் சாமான் வாங்க மட்டுமே வெளியே வரலாம். பள்ளித்தாள் வாங்க வந்தேன் என்று சாலைத் தடுப்பில் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சாப்பாடு வாங்குகிற இடத்திலேயே தாளும் இருந்தால் பிரச்சினை இல்லை என்று எங்களுக்குத் தோன்றியது. பட்டணத்தில் ஒரு தமிழ் முஸ்லிம் உணவகம் பொட்டலம் மட்டும் விற்றுக்கொண்டிருந்தது. அதன் முதலாளியை எல்லாரும் பாய் என்றே கூப்பிடுவோம். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு அலமாரித் தட்டைக் காலி செய்து கொடுத்தார். ஞாயிறன்று தாளை வைத்துவிடுவேன். ரொட்டி சானாய் வாங்க வருகிற பெற்றோர் எடுத்துப் போவார்கள். இரண்டு வாரத்தில் அது கடையின் பேச்சாகவே ஆகிவிட்டது.

"பாய், மூணு ரொட்டி, ஒரு தமிழ், பொங்குஸ்!" என்று பொட்டலம் கேட்பார்கள்.

"தமிழுக்குக் கறி ஊத்தணுமா, தனியாவா?" என்பார் பாய்.

அந்தப் பெண்ணின் அம்மாவும் வாரம் ஒருமுறை வருவார். ரொட்டியை மட்டும் வாங்கிக்கொள்வார். தாளை நீட்டினால், "வேணாம் பாய். அவளுக்கு எங்க நேரம்? சின்னதுங்கள யாரு பாக்குறது?" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். மூன்று வாரம் இப்படியே போனது.

ஏப்ரல் 24-இல் நோன்பு தொடங்கியது. பகலில் மூடியிருந்து பிற்பகலில் திறக்கிற கடையில் நெரிசல் ஒரே மூச்சில் வரும். பொட்டலம் கட்டப் பழைய தமிழ்ப் பத்திரிகைதான் வழக்கம். ஆனால் வீட்டை விட்டு யாரும் வெளியே வராத காலத்தில் பழைய பத்திரிகையைக் கொண்டுவந்து போடுவது யார்? கையிருப்பு தீர்ந்தது. பொட்டலம் கட்டுகிற ஆள் சுற்றிப் பார்த்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் தமிழ் எழுத்தோடு ஒரு கட்டுத் தாள் இருந்தது. அன்று மாலை பட்டணத்தில் பாதிப் பேர் எங்கள் தமிழ் இலக்கியப் பயிற்சியைப் பிரித்துத்தான் நோன்பு திறந்திருக்கிறார்கள்.

மறுநாள் நான் போனபோது பாய் அவரை நிற்கவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன்டா, ஒனக்குப் படிக்கத் தெரியும்ல?"

"தெரியும் முதலாளி. படிச்சுப் பாத்துட்டுத்தான் எடுத்தேன். வெறும் கேள்வியா இருந்துச்சு, பதிலே இல்ல. யாரோ எழுதத் தெரியாம விட்டுட்டுப் போனதுன்னு நெனச்சேன்."

"அலமாக்! கிராணியாரே, இவன் சொல்றதக் கேட்டீங்களா?"

அந்த வாரமே சாலைத் தடுப்பில் ஒரு இளம் போலீஸ்காரர் என்னை நிறுத்தினார். ஆலையின் அனுமதிக் கடிதத்தை எடுத்து நீட்டினேன். அதை அவர் பார்க்கவில்லை. தன் நோன்புப் பொட்டலத்தில் வந்த, எண்ணெய் படிந்த தாள் ஒன்றைக் காட்டி, இது தமிழர்களுக்கான ஏதாவது அறிவிப்பா, காவல்துறைக்குத் தெரிய வேண்டிய விஷயமா என்று மலாயில் கேட்டார். பழைய பாட்டுக்குப் பொருள் எழுதச் சொல்லும் பயிற்சி என்றேன். எழுதாவிட்டால் அபராதம் உண்டா என்று கேட்டுவிட்டுச் சிரித்து அனுப்பினார்.

ஆசிரியையிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். "போனது போச்சு சார். மறுபடி அடிங்க," என்றார். அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த ஞாயிறு, புதிய கட்டை வைக்கப் போயிருந்தேன். வேலை உடையோடு, கையுறையைக்கூடக் கழற்றாமல் அந்த அம்மா உள்ளே வந்தார். கல்லாவின் மேல் ஒரு தாளைப் போட்டார். ரொட்டி மடித்த அடையாளம் அதில் சதுரமாக இருந்தது. ஓரத்தில் பருப்புக்கறி. ஒவ்வொரு கேள்விக்குக் கீழேயும் பென்சிலில் பதில்.

"இத யாரு வெச்சது?"

பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன்.

"ரொட்டியச் சின்னதுங்ககிட்ட குடுத்துட்டு இவ தாள எடுத்துக்கிட்டுப் போய் ஒக்காந்துட்டா. ஒல வெய்யிடின்னா, 'இரும்மா, இன்னும் ரெண்டு கேள்விதான்'ங்குறா. நான் ரொட்டி வாங்க வந்தேனா, பரீட்ச வாங்க வந்தேனா?"

"கோவப்படாதம்மா," என்றார் பாய். "தவறுதலா நடந்து போச்சு."

"தவறுதலா நடந்தத அவ மூணு நாளா மடிச்சு மடிச்சுப் பாக்குறா." கையுறையைக் கழற்றினார். பிறகு, "மிச்சத்தக் குடுங்க. எண்ண படாததாக் குடுங்க லா. பென்சில் வழுக்குதுன்னு என்னையத் திட்டுறா," என்றார்.

அன்றிலிருந்து ஜூன் வரை ஒரு வாரம்கூட அவளுடைய தாள் திரும்பி வராமல் இருந்ததில்லை. அவள் படிக்கத்தான் விரும்புகிறாள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லாமல் போனது. ஆனால் அடுத்த சிக்கல், பள்ளி திறந்ததால் வந்தது.

ஜூன் 24 முதல் தேர்வு எழுதும் வகுப்புகள் மட்டும் திரும்பலாம் என்று அறிவித்தார்கள். என் மகன் சீருடையைப் போட்டுப் பார்த்தான். காற்சட்டை கணுக்காலுக்கு மேல் நின்றது. அந்தப் பெண் வரமாட்டாள் என்று தகவல் வந்தது. ஆசிரியையும் நானும் எஸ்டேட் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைக்குப் போய், வீட்டுக்கு வெளியே தள்ளி நின்று பேசினோம்.

"பெரியவளுக்கு ஸ்கூல் தொறந்துட்டாங்க, சரி," என்றார் அம்மா. "சின்னதுங்களுக்குத் தொறக்கலயே டீச்சர். இங்க அக்கம்பக்கம் எல்லாம் வங்காளதேசி, இந்தோனேசியா ஆளுங்க, அவுங்களும் வேலைக்குப் போயிருவாங்க. யாருகிட்ட விடுறது?"

"நம்ம குழு அம்மாமாருங்க வீட்டுல விடலாம்மா. முறை வெச்சுப் பாத்துக்குவாங்க."

"யாரு வீட்டுக்கும் அனுப்ப மாட்டேன். முள்ளுக்கம்பி போட்டு அடச்சாங்களே, மறந்துட்டீங்களா?"

யாரும் மறந்திருக்க முடியாது. மார்ச் கடைசியில் நாட்டிலேயே முதன்முதலாக முழுவதும் அடைத்துவைக்கப்பட்ட குடியிருப்பு எங்கள் பட்டணத்தை ஒட்டித்தான் இருந்தது. ஆசிரியை வாசலில் நின்ற சின்னப் பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு, "சரி. புள்ளைங்க எங்கயும் வர வேணாம். நாங்க வர்றோம்," என்றார்.

"எங்க?"

"இங்கதான். ஒங்க வீட்டுக்கு. ஒரு நாளைக்கு ஒருத்தரு."

"ரெண்டு நாள் வருவீங்க. மூணாம் நாள் மழ, காரு ரிப்பேரும்பீங்க."

"யாரும் வரலன்னா நானே லீவு போட்டுட்டு வந்து ஒக்காருவேன்."

"நீங்க லீவு போட்டா அவளுக்கு யாரு பாடம் சொல்லிக் குடுக்கிறது?"

"அதனாலதான் சொல்றேன், கண்டிப்பா வருவாங்க."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சம்மதம் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஆசிரியை அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அன்று மாலை குழுவில் செய்தி போட்டேன். எல்லாரும் படித்துவிட்டார்கள் என்பது தெரிந்தது. பதில் மட்டும் இல்லை. இரவுச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு லாரி ஓட்டுநரின் மனைவி, "செவ்வா எனக்கு" என்று இரண்டே சொல் எழுதினார். அதன்பின் ஒவ்வொரு நாளாக ஆள் கிடைத்தது. எனக்கு அந்த மாதம் பிற்பகல் வேலை என்பதால் புதன் காலையை எடுத்துக்கொண்டேன். ஜூன் 24 புதன்கிழமை. ஆகவே முதல் முறை என்னுடையதானது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் சீருடையோடும் முகக்கவசத்தோடும் வாசலில் நின்றாள். "அங்கிள், தம்பி சாப்பிடலன்னு பொய் சொல்லுவான், நம்பாதீங்க. தங்கச்சிய அடுப்புப் பக்கம் விடாதீங்க," என்றாள். அவளை அழைத்துப்போக ஆசிரியையின் கார் வந்தது. பின் இருக்கையில் ஏறிக்கொண்டாள். நன்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

தம்பி மூன்றாம் ஆண்டு, தங்கை முதலாம் ஆண்டு. தம்பி உடனே, "நான் இன்னும் சாப்பிடல," என்றான். பிறகு கதை கேட்டார்கள். எங்கள் ஆலை கட்டப்பட்ட வரலாற்றைத் தொடங்கினேன்.

"இது கத இல்ல. வருஷம்," என்றான் தம்பி.

"அந்த மில்லுல பேய் இருக்கா?" என்றாள் தங்கை.

இல்லையென்றேன்.

"அப்புறம் எதுக்குச் சொல்றீங்க?"

அந்த முறை ஒரு நாளும் அறுந்துபோகாமல், தமிழ்ப்பள்ளியில் சின்ன வகுப்புகள் திறந்த ஜூலை 22 வரை ஓடியது. மூன்றாம் நாள் மழை பெய்யத்தான் செய்தது. அன்றைக்கு முறை வந்த தாய், நனைந்தபடியே மோட்டார் சைக்கிளில் போய் இறங்கியதாகப் பிறகு தெரிந்தது. நவம்பர் 9-இல் எல்லாப் பள்ளிகளும் மறுபடி மூடின. தேர்வும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போயிருந்தது. ஜனவரி 20-இல் தேர்வு வகுப்புகளை மட்டும் திரும்பக் கூப்பிட்டபோது, நான் செய்தி எழுதிக்கொண்டிருக்கும்போதே, "செவ்வா எனக்கு" என்பது வந்துவிட்டது. பாய் கடையில் தாள் வைக்கிற தட்டை, வேறு எதையும் வைக்காமல் அதுவரை காலியாகவே விட்டிருந்தார்கள்.

தேர்வு 2021 பிப்ரவரி 22-இல் தொடங்கியது. சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி இன்னும் திறக்கவில்லை. முதல் வாரத்தில் ஒரு காலை. எந்தக் கிழமை என்று கட்டத்தில் எழுதவில்லை. அன்று முறை வந்த தாய், தன் கணவரோடு வேலை செய்பவருக்குத் தொற்று என்பதால் வீட்டைவிட்டு வெளியே வரமுடியாது என்று விடியற்காலையில் குழுவில் எழுதியிருக்கிறார். எனக்கு அந்த வாரம் காலை வேலை. இயந்திரக் கூடத்தில் கைப்பேசிக்கு அலை எடுக்காது. வெளியே வந்து செய்தியைப் பார்த்தபோது தேர்வு தொடங்கிப் பாதி நேரம் போயிருந்தது. அந்தப் பெண், பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டுத் தேர்வுக்குப் போகிறவள் அல்ல. மேலாளரிடம் சொல்லிவிட்டு லயத்துக்கு ஓட்டினேன்.

மழையால் வேலை நின்று அம்மா அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து, வெட்டிய கொய்யாப்பழத்தின் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"அக்கா எங்க?"

"பரீட்சைக்கு," என்றான் தம்பி, இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

"ஒங்கள யாரு பாத்துக்கிட்டா?"

"ஆன்ட்டி. இப்பத்தான் அம்மா வர்றதப் பாத்துட்டுப் போனாங்க."

"எந்த ஆன்ட்டி?"

"மாஸ்க் போட்டிருந்தாங்க லா."

மாலையில் அந்தப் பெண்ணைக் கேட்டேன். மழையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றதாம். மழைக்கோட்டு, தலைக்கவசம், முகக்கவசம். "போ, போ" என்று கைகாட்டினாராம். ஆசிரியை ஹாரன் அடித்துக்கொண்டிருந்ததால், அன்றைக்கு முறை வந்த ஆன்ட்டிதான் என்று நினைத்து ஓடி ஏறிவிட்டாளாம். அம்மா பார்த்தது, லயத்தின் கோடியில் திரும்பிக்கொண்டிருந்த ஒரு முதுகை.

அவள் அந்தத் தேர்வையும் அடுத்து வந்த எல்லாத் தேர்வுகளையும் எழுதினாள். தேறினாள். இப்போது குளுவாங்கில் ஒரு தனியார் கல்லூரியில் கணக்கியல் படிக்கிறாள்.

குழுவிலுள்ள எல்லாரையும் நேரில் கேட்டுவிட்டேன். எல்லாரும், "நான் இல்லை" என்றுதான் சொன்னார்கள். குழுவில் இல்லாத மூன்று பெயர்கள் எனக்குச் சொல்லப்பட்டன. ஒருவர் அப்போது மோட்டார் சைக்கிளே ஓட்டத் தெரியாதவர், மற்ற இருவரும் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். அந்தக் காலை அந்த வீட்டில் வந்து உட்கார்ந்தவர் யார் என்பது, இதை எழுதும் இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.