லினக்ஸுக்குக் காட்டிய கற்பூரம்

என் கணவர் லினக்ஸ் போட்டுக் கொடுத்த வெள்ளிக்கிழமை நான் கேசரி கிண்டினேன். இதை எழுதும்போதே காது சூடாகிறது.

எங்கள் வீடு கூடுவாஞ்சேரியில். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, திருப்போரூர்ப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்குக் கிடைத்தது. படித்த காலத்திலும் சரி, அப்புறமும் சரி, விண்டோஸைத் தவிர வேறு எதையும் நான் தொட்டதில்லை. இந்த செமஸ்டரில், விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸை நடத்த வேண்டும் என்று துறைத்தலைவி சொன்னபோது, "நடத்திடலாம் மேடம்" என்று சொல்லிவிட்டேன். வாய் முந்திக்கொண்டது.

கணவருக்குச் சென்னை ஓஎம்ஆர் சாலையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. அவருடைய பழைய லேப்டாப்தான் என்னிடம் இருந்தது.

"விண்டோஸைத் தூக்கிட்டு இதுல லினக்ஸ் போட்டுக் குடுங்க" என்றேன்.

"இன்னாத்துக்குத் தூக்கணும்?" என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, போட்டுத் தரேன்" என்றார்.

அரை நாள் உட்கார்ந்து வேலை செய்தார். பிறகு கூப்பிட்டுக் காட்டினார். புதுத் திரை, புது நிறம், நான் பார்த்தேயிராத படங்கள். "ஆன் பண்ணா முதல்ல கொஞ்ச நேரம் விண்டோஸ் தெரியும். கண்டுக்காத. தானா இதுக்கு வந்துடும்" என்றார். தூக்கிப்போட்ட விண்டோஸ் ஏன் தெரிய வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு. கம்ப்யூட்டர் லேபில் சம்பளம் வாங்குகிறவள் நான்.

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும், மிக்சியோ ஸ்கூட்டரோ, பொட்டு வைக்காமல் தொடமாட்டோம். லேப்டாப் பழசுதான், உள்ளே இருப்பது புதுசு இல்லையா? மூடியில் சந்தனம், குங்குமம் வைத்தேன். சாமி படத்துக்கு முன்னால் மணை போட்டு அதன்மேல் வைத்துக் கற்பூரம் காட்டினேன். அவரும் வந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கேசரியை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் ஒரு டப்பா கேசரி கல்லூரிக்கும் போனது. என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், "வீட்டு லேப்டாப்புல விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போட்டுட்டேன்" என்றேன். போட்டார் என்று சொல்லவில்லை. போட்டுட்டேன் என்றேன்.

அதன்பின் தினமும் சாப்பாட்டு மேஜைதான் என் லேப். கறுப்புத் திரையில் கட்டளைகளை அடித்து அடித்துப் பழகினேன். ஒருநாள் எதையோ அழித்துவிட்டேன், திரையே வரவில்லை. அழாத குறையாக அவரிடம் கொண்டுபோனேன். ஒரு வாய் காபி குடிப்பதற்குள் பழையபடி ஆக்கிக் கொடுத்துவிட்டு, "பயப்படாம அடி, நான் பாத்துக்கறேன்" என்றார். எவ்வளவு கெட்டிக்காரர் என்று அன்று அவரைப் பற்றிப் பூரித்துப்போனேன். எனக்கும் தைரியம் வந்தது. கூடவே கொஞ்சம் திமிரும் வந்தது. வகுப்பில், "நான்லாம் வீட்டுல விண்டோஸே வெச்சுக்கறதில்ல" என்று சொல்லும் அளவுக்கு.

முதல் செய்முறை வகுப்புக்கு என் லேப்டாப்பையே எடுத்துப்போனேன். பின் வரிசையில் துறைத்தலைவி. புரொஜெக்டர் வயரைச் சொருகினேன். திரை ஒருதரம் கறுத்து மீண்டது. அதுவரை முழுத்திரையாக இருந்த என் லினக்ஸ், ஒரு சின்ன ஜன்னலாகச் சுருங்கி நடுவில் நின்றது. சுற்றிலும் விண்டோஸ். அதன் பின்னணியில், மாமல்லபுரம் கடற்கரையில் நான் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலைக்குப் பயந்து ஓடும் படம். கணவர் எடுத்தது. ஜன்னலின் தலைப்பில் ஆங்கிலத்தில் 'வொய்ஃப் பிளே' என்று பெயர்.

"மேம், இது விர்ச்சுவல் மெஷின் மேம்" என்றாள் முன்வரிசை மாணவி. "விண்டோஸ் அப்பிடியே கீது. அதுக்குள்ள தனி கம்ப்யூட்டர் மாதிரி லினக்ஸ் ஓடினுகீது."

பின்னால் யாரோ அந்தப் பெயரை உரக்கப் படித்தார்கள். லேப் முழுக்கச் சிரிப்பு.

துறைத்தலைவி எழுந்து வந்து, "இப்படியும் நடத்தலாமே மேடம், பத்திரமானது, எதுவும் கெடாது" என்றார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தரை பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது. மேசைமேல் லேப்டாப் மூடியில் சந்தனம் இன்னும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே பாடம் நடத்தினேன். என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

மாலையில் கணவர் வீட்டுக்குள் நுழைந்ததும் பிடித்துக்கொண்டேன். "விளையாட்டுச் சாமான் வாங்கிக் குடுத்தா மாதிரி ஏமாத்திட்டீங்களே!"

"ஏமாத்தலமா. அதுக்குள்ள நீ இன்னா கெடுத்தாலும் பழைய நெலைக்குக் கொண்டாந்துடலாம். நெஜ மெஷின்ல அழிச்சிட்டா நீ அப்புறம் தொடவே மாட்ட. கேஸ் அடுப்ப மூடினமானு பாதி வழில திரும்பி வர ஆளு நீ."

"கற்பூரம் காட்டினப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லத்தான் வந்தேன். நீ கண்ண மூடினு வேண்டினு இருந்த. எனக்கு வாயே வரல."

அந்தப் பதிலில் கூசிப்போனேன். நான் கண்ணை மூடி, இந்த வேலை நிலைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தபோது, இவர் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறார்.

"நாளைக்கே விண்டோஸை அழிக்கறேன். நானே பண்றேன். நீங்க பக்கத்துல வரக்கூடாது" என்றேன். சரி என்றார். படங்களையும் தன் கோப்புகளையும் வேறொரு டிஸ்க்கில் எடுத்துவைத்துக்கொண்டு, லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவை என் கையில் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தேன். ஒவ்வொரு படியாகச் சரியாகத்தான் போனது. கடைசியில் அது கேட்டது: இந்த டிஸ்க்கில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும், தொடரலாமா? எல்லாவற்றுக்கும் நகல் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். போவதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் விரல் இறங்கவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அப்போதும் இறங்கவில்லை. அவர் என்னைப் பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை.

ரத்து செய்துவிட்டு, பென் டிரைவைப் பிடுங்கி மறுபடி ஆன் செய்தேன். கொஞ்ச நேரம் விண்டோஸ் தெரிந்தது. பிறகு தானாக லினக்ஸ் வந்து திரை முழுக்க நிறைந்துகொண்டது.

"ஆச்சா?" என்று உள்ளறையிலிருந்து கேட்டார்.

"ஆச்சு" என்றேன்.

அவர் எழுந்து வந்து பார்க்கவில்லை. "அப்ப கேசரி உண்டா?" என்று மட்டும் கேட்டார்.

நான் எழுந்துபோய் ரவையை வறுக்க ஆரம்பித்தேன்.