தொட முடியாத சொற்கள்

என் கணவர் பலமனேரிலிருந்து திருப்பதிக்குத் தக்காளி ஏற்றிப்போகும் லாரி டிரைவராக இருந்தவர். பக்கவாதம் வந்தபோது அவருக்கு நாற்பத்தாறு வயது. கை கால் ஓரளவு தேறிவிட்டன. பேச்சு பாதிதான் திரும்பியது. சோறு, செருப்பு, ஸ்டியரிங் எல்லாம் சொல்லுவார். கையால் தொட முடியாத ஒன்றின் பெயர் மட்டும் வராது. “நியாயம்” என்றால், கேள்விப்படாத ஊரைச் சொன்னதுபோல் என் முகத்தைப் பார்ப்பார்.

பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ஒருமுறை திருப்பதிக்குப் போனோம். பயிற்சி தரும் அம்மா தெலுங்குக்காரர். எங்களுக்குத் தமிழ், தெலுங்கு இரண்டும் ஒன்றுதான். படங்களைக் காட்டிப் பெயர் சொல்லவைப்பவர், ஒருநாள் படம் இல்லாமல் கேட்டார்: நம்பிக்கை என்றால் என்ன?

அவருக்குப் பதிலாக நான் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த அம்மா கையமர்த்தினார்.

“கேட்டு,” என்றார் என் கணவர்.

“வெளிய போலாமா? வீட்டுக்கா?” என்றேன்.

இல்லையென்று தலையாட்டினார். “ரயில் கேட்டு. திருப்பதி ரோட்டுல, பாகாலா. மூடிக்கினு இருக்குது. ரயில் தெரில. சத்தமும் இல்ல.” மூச்சு வாங்கிக்கொண்டார். “எஞ்சின் ஆஃப். குந்திக்கினு இருப்பேன். வரும்.”

அந்த அம்மா விடவில்லை. “அப்படின்னா சந்தேகம்?”

“ஆஃப் பண்ண மாட்டேன்.”

மூன்று பேரும் சிரித்துவிட்டோம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் பி.ஏ. படித்தவள். என்னைக் கேட்டிருந்தால் ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல்லைத்தான் பதிலாகச் சொல்லியிருப்பேன். எட்டாவதோடு நின்ற மனிதர், பாதிச் சொற்களை இழந்த பிறகும், அதைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அவருக்குப் பெயர்தான் தொலைந்திருக்கிறது, பொருள் உள்ளேயே இருக்கிறது என்று அந்த அம்மா சொன்னார். எல்லோருடைய மனசும் கண்ணால் பார்த்ததைப் பிடித்துக்கொண்டுதான் பார்க்க முடியாததை எட்டுகிறதாம். திரும்பி வந்த பஸ்ஸில் என் கணவர் தோளில் சாய்ந்துகொண்டேன். திருப்பதியைத் தாண்டும் வரை யார் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்கவில்லை.

அதன் பிறகு வீட்டில் நான் ஒரு சொல்லைச் சொல்வேன், அவர் ரோட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் தருவார். நியாயத்துக்கு, “ஒத்த வண்டி போற பாலம். மொதல்ல வந்தவன் மொதல்ல.” பொறுமைக்கு மேட்டில் ஏறும் லோடு வண்டி. அப்படியே சில பெயர்களும் தானாக வந்து சேர்ந்தன.

இப்போது வண்டி ஓட்டுவதில்லை. தக்காளி மண்டியில் எந்த லாரி எப்போது லோடு ஏற்றுவது என்று முடிவு செய்வது அவர்தான். புதிதாக வரும் டிரைவர்கள் அவரை அளந்து பேசுகிறவர் என்று நினைக்கிறார்கள். நான் திருத்துவதில்லை.