பெருநாளுக்கு ஒரு தரம்

போன வாரம் கல்முனையில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் மகளின் பிறப்புச் சான்றிதழை லெமினேட் பண்ணக் கொடுத்திருந்தார். சூடாகி வெளியே வந்த பிளாஸ்டிக்கின் வாசம் மூக்கில் ஏறியதும் நான் கடைக்கு வெளியே போய் நின்றேன். வியாதி ஒன்றும் இல்லை, நான் படித்த படிப்பு அப்படி. கடதாசியை லெமினேட் பண்ணுவதும் அதைக் கொல்லுவதும் ஒன்று என்று முதல் வாரமே சொல்லித் தந்துவிட்டார்கள்.

பொதுமக்கள் வரலாறு என்று பாடத்துக்குப் பெயர். நூதனசாலையிலும் சுவடிக்கூடத்திலும் வேலை காத்திருக்கிறது என்று கையேட்டில் போட்டிருந்தார்கள். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள், எட்டு மணித்தியால பஸ் பயணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாப்பாவுக்கு விளங்கப்படுத்திப் பார்த்தேன். "பழைய இரும்பு எடுக்க வாற லொறிக்காரன் என்ன டிகிரியா முடிச்சிரிக்கான்?" என்று கேட்டுவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

எனக்கோ தலைகால் தெரியாத பெருமை. லீவுக்கு வந்தால் வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுத்தான் வீட்டுக் காணி உறுதிப் பத்திரங்களைத் தொடுவேன். உம்மா ஒருநாள் அருகில் வந்து, "கையில என்ன மகன், சிரங்கா?" என்று கவலையோடு கேட்டா.

மூன்றாம் வருடம் ஒரு செயற்றிட்டம் தந்தார்கள். புத்தகத்தில் ஏறாத கதை உள்ள ஒரு பொருளை அவரவர் ஊரிலிருந்து கொண்டுவர வேண்டும். சம்மாந்துறைக் கூட்டாளி நெல் அளக்கும் மரைக்காலைத் தூக்கி வந்தான். கெட்டிக்காரன், அது இன்றைக்கும் அவன் வீட்டில் இருக்கிறது. நான் நற்பிட்டிமுனையில் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்த ஜெசீமா ராத்தாவிடம் போனேன். சொந்த அக்கா இல்லை, ஊர் முறைக்கு ராத்தா.

ராத்தாவுக்கு ஏழு வயதாக இருக்கும்போது அவவின் உம்மா சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனா. அப்போது வீடுகளில் போன் இல்லை. கசெட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார்கள். மூன்றாம் வருடம் அந்த மனுசி அங்கேயே மௌத்தாகி, அங்கேயே அடக்கப்பட்டா. ஊரில் கபுறு கூட இல்லை. மிஞ்சியது ஒரு கசெட். ராத்தா அதைப் பெருநாளுக்கு ஒரு தரம் மட்டும் போடுவா. புது உடுப்பு உடுத்தி, பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, கேட்டு முடிந்த பிறகுதான் வட்டலப்பத்தில் கரண்டி வைக்கலாம்.

கசெட்டை இரவல் கேட்கப் போன அன்று எனக்காக ஒருமுறை போட்டுக் காட்டினா. பாத்திரம் உரசும் சத்தம். "ஜெசீமா, தங்கச்சிக்கு எண்ண வெச்சித் தல வாரி உடு மகள்." யாரோ அரபியில் கூப்பிட, "இரிங்க, வாறன்" என்று தமிழிலேயே சொல்கிறா. அதோடு நின்றுவிடும்.

"தந்தா திரும்பக் கிடைக்குமா தம்பி?"

"ஓம் ராத்தா. சீடியில கொப்பி எடுத்து, ரெண்டையும் தருவம்."

பெருநாள் கழிந்து எடுத்துக்கொள் என்றா. அங்கேதான் என் படிப்பு வாயைத் திறந்தது. "இந்தப் பெருநாளைக்குப் போட வேணாம் ராத்தா. போடக்குள்ள ஒவ்வொரு தரமும் தேயும். கொப்பி எடுத்த புறகு ஆயிரம் தரம் கேக்கலாம்." படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, அந்த வருடம் போடவில்லை. மறுநாள் கைலேஞ்சித் துணியில் சுற்றித் தந்தா. நான் பற்றுச்சீட்டு எழுதினேன். பொருள்: ஒலிநாடா ஒன்று. நிலை: நன்று.

பல்கலைக்கழகத்தில் கசெட் போட ஒரு ரேடியோ இல்லை. ஒலிநாடாவைக் கணினிக்கு மாற்றுவது எப்படி என்று திரையில் படம் காட்டிப் படிப்பித்தார்கள், பரீட்சையில் கேள்வியும் வந்தது, எனக்கு ஏ. ரேடியோ கேட்டு எழுதிய கடிதம் மேசை மேசையாக அலைந்தது. வெளியில் ஒரு ரேடியோ தேடுவோம் என்று எனக்கும் தோன்றவில்லை, முறைப்படி நடக்கட்டும் என்று இருந்துவிட்டேன். அந்த முறையை இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது. கண்காட்சியில் கசெட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மும்மொழியில் அட்டை எழுதினோம். ரிபன் வெட்ட வந்தவர் அட்டையின் எழுத்து அழகு என்றார்.

கொப்பி எடுக்கட்டும் என்று கசெட்டை அங்கேயே விட்டுவிட்டு நான் படித்து வெளியேறியதும், மாணவர் போதாது என்று பாடத்தை மூடினார்கள். அறை பரீட்சைக் கிளைக்குப் போனது, பெட்டிகள் ஒழுகும் களஞ்சியத்துக்குப் போயின. ஒரு மாரி போதுமாக இருந்தது. நான் தேடிப் போனபோது நனைந்து ஊறிய எல்லாவற்றையும் குப்பையில் அள்ளிக் கொட்டியிருந்தார்கள். பதிவேடு மட்டும் இரும்பு அலுமாரியில் பத்திரமாக இருந்தது.

இப்போது நான் பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். பழைய கோப்புகளை எரிக்கும் நாளில் நெருப்புக்குப் பக்கத்தில் நிற்கும் பட்டதாரி நான்தான்.

பெருநாளுக்குப் பெருநாள் ராத்தா கேட்பா. "எழுதிக் கேட்டிரிக்கன்" என்று பொய் சொல்லித் தப்புவேன். போன பெருநாளைக்கு முடியவில்லை, உள்ளதைச் சொன்னேன். ராத்தா ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

"கடைசிப் பெருநாளைக்காவது போட்டிரிக்கலாம்," என்றா. "நீங்கதானே தம்பி தேயும் எண்டீங்க."

எழுந்து உள்ளே போய் அலுமாரியைத் திறந்து எதையோ எடுத்து வந்து என் கையில் வைத்தா. நான் கொடுத்த பற்றுச்சீட்டு. லெமினேட் பண்ணியிருந்தா. ஒரு எழுத்தும் மங்கவில்லை. நிலை: நன்று. கீழே என் கையெழுத்து.