கிடுகு வேலி போட்ட மைதானம்

சூறாவளி ஓய்ந்த அண்டைக்கு மைதானத்தில் நின்றது நாலு பேர்: வாப்பா, அவர் தம்பி சாச்சா, தென்னோலைக் கிடுகைக் கடனுக்குத் தந்த ஆதம்பாவா, நான். இன்று அதன் மதிலோரம் ஈரக் கிடுகு மணந்ததும் நின்றுவிட்டேன்.

அப்போது மதில் இல்லை. இறுதி ஆட்டத்துக்கு டிக்கெட் விற்க வாப்பா சுற்றிவரக் கிடுகு கட்டினார். ஆட்டத்துக்கு முதல்நாள் சூறாவளி அடித்தது. பறந்த கிடுகுகளைப் பொறுக்கி, வீடிழந்த சனம் கூரை போட்டிருந்தது.

“காக்கா, நம்மட கிடுகைக் கேட்டு எடுங்க,” என்றார் சாச்சா.

“புள்ளைகள் நனையுதுகள்டா. எப்பிடிக் கேக்கிற?”

“அப்ப எண்ட காசு?” ஆதம்பாவா அழுதார்.

“தாறன்,” என்றார் வாப்பா.

கடனடைக்க என்னைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்திக் கடையில் சேர்த்தார். அவருடைய ஜனாஸாவில், அடக்கத்துக்கு முன், “கடனுக்கு யார் பொறுப்பு?” என்று இமாம் கேட்டபோது நான்தான் கை தூக்கினேன். ஆதம்பாவாவும் மறைந்து, ஊர் மாறிப்போன அவருடைய ஆட்களை இன்னும் தேடுகிறேன். பாக்கி நூற்றெழுபது ரூபாய்.